கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு காட்டோடை

தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஓடைமீன் பிடிக்காதவர்கள் மிகக் குறைவு. பழைய துண்டின் இரு முனைகளை ஒருவரும் மற்ற இரு முனைகளை இன்னொருவரும் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மெல்ல நகர்ந்து தூக்கினால், இரண்டு மூன்று குட்டி மீன்களாவது துள்ளும். அவற்றை ஒரு போத்தலில் விட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றி, திண்ணையில் வைத்து அழகு பார்ப்பார்கள். மறுநாள் காலையில் மீன்கள் வெளிறிப்போய் மேலே மிதக்கும். "அது ஆத்து மீனு, வீட்டில் வாழாது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளும் அதை நம்பிவிடுவார்கள்.

உண்மையில் அந்த மீன் வீட்டில் வாழாத மீன் அல்ல. பிள்ளைகள் மீனைக் கொண்டுவந்தார்களே தவிர, ஓடையைக் கொண்டுவரவில்லை. இன்றைய பேச்சின் சாரம் இதுதான். மீன் வளர்ப்பது என்றால் முதலில் அது பிறந்த நீரை வளர்ப்பது. வசதியும் பெரிய செலவும் இதற்குத் தேவையில்லை. கவனமும் பொறுமையும் இருந்தால், சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் பிடோக்கில் இருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்திலும்கூட ஒரு காட்டோடையை உண்டாக்கிவிடலாம்.

பிடோக்கை ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். அங்கே இயற்கையான காட்டோடை எதுவும் இன்று இல்லை. பிடோக் ஆறு கரைகட்டிய கால்வாயாக ஓடுகிறது. பிடோக் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம். 1986 ஆம் ஆண்டில் நிறைவடைந்த சிலேத்தார்-பிடோக் குடிநீர்த் திட்டத்தில்தான் அது நீர்த்தேக்கமாயிற்று. ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து, வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, இத்தகைய நகர்களில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓடையை எங்கே பார்ப்பார்கள்? வீட்டுத் தொட்டியில் பார்க்கலாம். ஆனால் அந்தத் தொட்டி பொய் சொல்லாத தொட்டியாக இருக்கவேண்டும்.

பொய் சொல்லும் தொட்டி எது? நீலநிறக் கூழாங்கல், நெகிழிச் செடி, மூழ்கிய கப்பல் பொம்மை, பளீரென்ற விளக்கு, அதற்குள் பல தேசத்து மீன்கள். குளிர்ந்த நீரை விரும்பும் தங்கமீனும், தென் அமெரிக்காவின் அமிலநீரில் வாழும் செந்நீல டெட்ராவும், மத்திய அமெரிக்காவின் கடினநீரில் பிறந்த மோலியும் ஒரே தொட்டியில் இருக்கும். ஒன்றுக்கு ஏற்ற நீர் மற்றொன்றுக்கு ஏற்காது. எல்லாம் சில காலம் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, வாழ்வது வேறு அல்லவா?

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். ஹார்லிகின் ரஸ்போரா என்று மீன் கடைகளில் அழைக்கப்படும் சின்ன மீன் அது. வளர்ந்தால் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இருக்கும். செம்பு நிற உடல், அதன் பின்பாதியில் கறுப்பு முக்கோணம். அதைக் கொண்டு யாரும் உடனே அடையாளம் காணலாம். 1904 ஆம் ஆண்டில் டங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தெரிந்த இந்த மீன், மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் சுமத்திராவிலும் காட்டோடைகளில் இயற்கையாக வாழ்வது. வெளிநாட்டார் பெட்டியில் வாங்கிப் போற்றும் மீனை, நம்மில் பலர் நம் மண்ணின் மீன் என்றே அறியாமல் இருக்கிறோம்.

சிங்கப்பூரில் இந்த மீன் இன்னும் இயற்கையாக வாழும் இடங்களில் முக்கியமானது நீ சூன் சதுப்புக் காடு. தீவின் நடுவிலுள்ள வனப்பாதுகாப்புப் பகுதியில், ஓரளவு பரப்போடு மிஞ்சியிருக்கும் ஒரே நன்னீர்ச் சதுப்புக் காடு அதுதான். அந்தப் பெயருக்கு ஒரு தோட்டக் கதை உண்டு. லிம் நீ சூன் (1879-1936) ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெயர்பெற்ற தோட்ட முதலாளி. அவர் பெயரால் நீ சூன் என்ற ஊர் வழங்கிற்று. அப்பெயரே மாண்டரின் உச்சரிப்பில் யீஷூன் ஆயிற்று. அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், காசுக்கட்டிச் செடிக்கும் மிளகுக்கும் காடு அழிக்கப்பட்டது. பின்னர் ரப்பர் வந்தது, அதன்பின் நகரம் வந்தது. தீவின் ஆதிக்காட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. எஞ்சிய சிறு துண்டில், மரநிழலில், நம் கறுப்பு முக்கோண மீன் இன்னும் நீந்துகிறது.

அந்த ஓடையை மனக்கண்ணால் பார்ப்போம். ஐந்து செய்திகளைக் கவனித்தால் போதும்.

முதலாவது, நிழல். தலைக்கு மேலே மரக்கிளைகள் பின்னிக் கிடப்பதால் வெயில் நேராக விழாது. அங்கங்கே காசளவு வெளிச்சம் மட்டும் விழும்.

இரண்டாவது, நீரின் நிறம். உதிர்ந்த இலைகளும் மரக்கட்டைகளும் ஊறி ஊறி, நீர் பால் ஊற்றாத தேநீர்போல் இருக்கும். அழுக்கு என்று நினைக்கக்கூடாது. அள்ளிப் பார்த்தால் தெளிந்திருக்கும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இருக்கிறதல்லவா, அதைப் போன்ற பொருள்தான் இலைகளிலிருந்து இறங்குகிறது. அதனால் நீர் அமிலத்தன்மை பெறுகிறது. பி.எச். என்னும் அளவுகோலில் 7 நடுநிலை. இத்தகைய சதுப்பு ஓடை 5 என்ற அளவை ஒட்டி நிற்கும். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, ஆகையால் அது மென்னீர்.

மூன்றாவது, தரை. மெல்லிய மணலும் சேறும், அதன்மேல் இலைச்சருகும் படர்ந்திருக்கும். வெள்ளைக் கூழாங்கல் எதுவும் இராது.

நான்காவது, ஓட்டம். மலையருவி போலப் பாய்வதில்லை. நடை பழகும் குழந்தைபோல மெல்ல நகரும்.

ஐந்தாவது, அண்டை அயலார். ரஸ்போராக் கூட்டம் நடுநீரில் உலாவும். ஊசிபோன்ற வாயுள்ள சிறு அரைவாய் மீன்கள் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும். பாம்புக்குட்டிபோல் நெளியும் சிறு அயிரை இனங்கள் சருகுக்கடியில் ஒளிந்திருக்கும். மாடிவீட்டில் ஆளுக்கொரு தளம் இருப்பதுபோல, ஒவ்வொன்றும் தனக்குரிய மட்டத்தில் குடியிருக்கின்றது.

இந்த ஐந்தையும் தொட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது? 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. முழுதும் நிரம்பினால் 54 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் நீர் மட்டுமே 54 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் எழுபது கிலோவுக்கும் மேல் போகும். ஆகவே ஆட்டம் காணாத, உறுதியான மேசை வேண்டும். சன்னல் வெயில் படும் இடத்தில் வைக்கக்கூடாது. வெயில் பட்டால் நீர் சூடேறும், பாசியும் பிடிக்கும். நம் வானிலையில் சூடேற்றும் கருவி தேவையில்லை. நிழலான அறையில் 26 முதல் 28 பாகை வெப்பம் தானாகவே இருக்கும்.

தரைக்குக் கருநிறமான மெல்லிய மணலை நன்றாகக் கழுவி மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவேண்டும். கல் போடுவதானால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கல்லின்மேல் சிறிது வினிகர் ஊற்றினால் நுரை பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தக் கல்லும், சிப்பி, பவளத் துண்டு முதலியவையும் நம் தொட்டிக்கு ஆகா. அவை மென்னீரைக் கடினநீராக்கிவிடும்.

மரக்கட்டை ஒன்று வேண்டும். மீன் கடைகளில் இதற்கென்றே விற்கும் கட்டையை வாங்கிச் சில நாள் ஊறவைத்தால் அது அமிழும். நீரின் நிறத்துக்கு, மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்றும் நாம் நாட்டு வாதுமை என்றும் சொல்லும் மரத்தின் இலை மிகச் சிறந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடலோரப் பூங்காக்களில் இம்மரம் ஏராளம். சிவந்து காய்ந்து தானாக விழுந்த சருகுதான் வேண்டும், பச்சை இலை கூடாது. சண்டைமீன் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இலை இது. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிக்கப்பட்ட இடத்து இலையைத் தொடவேண்டாம். நம் அளவுத் தொட்டிக்கு இரண்டு மூன்று இலைகளில் தொடங்கலாம். இரண்டொரு வாரத்தில் நீர் பொன்னிறமாகும்.

செடிக்குக் கிரிப்டோகொரைன் என்ற வகை பொருத்தம். ஆசியக் காட்டோடைகளுக்கே உரிய செடி இது, குறைந்த வெளிச்சத்திலும் வளரும். மேலே கொஞ்சம் மிதக்கும் செடிகளை விட்டால் ஓடையின் நிழல் கிடைத்துவிடும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஓட்டத்துக்கு, காற்றுக்குழாயில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றே போதும். அதன் விலையும் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குழாய் நீரின் மருந்து போய்விடும் என்பது பழைய பழக்கம். குளோரினுக்கு அது சரி. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்து உண்டாக்கும் குளோரமின் கலக்கப்படுகிறது. அது எளிதில் பறந்துபோகாது. ஆகவே மீன் கடையில் கிடைக்கும் குளோரமின் முறிக்கும் மருந்தை அளவோடு கலந்த பிறகே நீரைத் தொட்டியில் விடவேண்டும். வாளியில் நீரைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனால் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கிக் காய்ச்சல் வரும். அதையும் நினைவில் வைக்கவேண்டும்.

தொட்டி தயாராகிவிட்டது. உடனே மீன் விடலாமா? கூடாது. பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். மீனின் கழிவும், உண்ணாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஓடையில் இதைத் தீர்த்து வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் அத்தனை கேடில்லை, செடிகளும் அதை உண்ணும். இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் கட்டையிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நாள்தோறும் துளித் தீனி மட்டும் போட்டு வரலாம். முன்பே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால், பாலுக்கு உறைமோர் இடுவதுபோல் அதைப் புதுத்தொட்டியில் இடலாம். வேலை விரைவாகும். போத்தலில் விட்ட மீன் மறுநாள் ஏன் செத்தது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. அங்கே குளோரின் இருந்தது, கழிவு இருந்தது, பிராணவாயு குறைந்தது. ஆனால் கழிவை மாற்றித்தரும் நுண்ணுயிர் இல்லை.

மீன் விடும் நாளில் பத்துப் பன்னிரண்டு ரஸ்போரா வாங்கலாம். கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வைப்பது அதைத் தனிச்சிறையில் வைப்பதற்குச் சமம். அடித்தளத்துக்கு ஐந்தாறு அயிரை சேர்க்கலாம். அதற்குமேல் ஆசைப்படவேண்டாம். பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். கொண்டுவந்த பையைத் தொட்டிநீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடவேண்டும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் பக்குவப்படுத்திய புதுநீர் சேர்க்கவேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நுண்ணுயிர்கள் மாண்டுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

இப்படிச் செய்தால் என்ன பயன்? பளீரென்ற வெள்ளைத் தொட்டியில் வெளிறி நின்ற அதே மீன், சில வாரங்களில் செம்பு வண்ணம் ஏறிப் பளபளக்கும். அச்சம் நீங்கிய மீனின் நிறம் அது. ஆண்மீன்கள் ஒன்றுக்கொன்று துடுப்பை விரித்து வீம்பு காட்டும். நீர் மென்மையாகவும் அமிலமாகவும் அமைந்துவிட்டால் இன்னும் ஓர் அதிசயம் காணலாம். பெண்மீன் அகன்ற இலையின் அடிப்புறத்தில் தலைகீழாக நிற்கும். ஆண் அதனை அணைத்தாற்போல் வளையும். முட்டைகள் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு வெளிவரும். தாய் தந்தையே முட்டையைத் தின்றுவிடக்கூடும் என்பதால், குஞ்சு வேண்டுவோர் பெரிய மீன்களைப் பிரித்துவைக்கவேண்டும். செடியும் நிழலும் இல்லாத தொட்டியில் இந்தக் காட்சி கிடைக்குமா? மீனின் பழக்கவழக்கத்தில் பாதி அதன் ஓடையில் அடங்கியிருக்கிறது.

இதே முறை எந்த ஊர் மீனுக்கும் பொருந்தும். இலங்கையின் ஈரவலயத்தில் நிழலோடைகளில் வாழும் செர்ரி பார்ப் என்ற செந்நிற மீனுக்கு 1929 ஆம் ஆண்டில் தெரணியகல பெயரிட்டார். அதற்கும் சருகும் நிழலும் மெல்லிய ஓட்டமும்தான் வேண்டும். கேரளத்து மலையாறுகளின் டெனிசன் பார்ப் மீனோ விரைந்தோடும், பிராணவாயு நிறைந்த நீரைக் கேட்கும். உருண்டைக் கற்களும் நல்ல ஓட்டமும் உள்ள நீளமான தொட்டி அதற்கு வேண்டும். அழகுக்காக ஆறுகளிலிருந்து அளவின்றிப் பிடித்ததால் அந்த மீன் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மறுபக்கம், பிரேசில் நாட்டில் நெக்ரோ ஆற்றங்கரையிலுள்ள பார்செலோஸ் வட்டாரத்து மக்கள் கார்டினல் டெட்ரா மீனைக் கைவலையால் அளவோடு பிடித்து விற்றுப் பல தலைமுறைகளாகப் பிழைத்து வருகிறார்கள். ஆறும் காடும் நன்றாக இருந்தால்தான் மீன் வரும் என்பதால், காட்டைக் காப்பது அவர்களுக்குச் சோற்றைக் காப்பதாக இருக்கிறது. ஆசை ஓர் ஆற்றை அழிக்கவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று சொல்லவேண்டும். வீடு மாறும்போதோ, மீன் பெருகிவிட்டாலோ, பாவம் புண்ணியம் பார்த்து அதைப் பிடோக் நீர்த்தேக்கத்திலோ பக்கத்துக் கால்வாயிலோ விட்டுவிடத் தோன்றும். விடுதலை கொடுத்ததாக மனம் நிறையும். ஆனால் நிழலும் அமிலநீரும் தேடும் மீன் திறந்த நீர்த்தேக்கத்தில் பிழைப்பது அரிது. பிழைக்கும் வலிமையுள்ள அயல்நாட்டு மீனோ அங்கிருக்கும் மீன்களைத் தின்று பெருகும், நோயும் பரப்பும். தென் அமெரிக்க மயில் பாஸ் மீன் இவ்வாறுதான் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. சிங்கப்பூரில் 2020 ஆம் ஆண்டு முதல் நடப்பிலிருக்கும் வனவிலங்குச் சட்டப்படியும் அனுமதியின்றி இவ்வாறு விடுவது குற்றம். வளர்க்க முடியாத மீனை வேறொரு வளர்ப்பாளரிடமோ கடைக்காரரிடமோ கொடுத்துவிடுவதே முறை. அதுபோலப் பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து மீனையும் செடியையும் எடுத்துவரக் கூடாது. காட்டிலிருந்து கண்ணால் எடுத்துவரலாம், கையால் எடுக்கவேண்டாம்.

தோட்டத்தில் வாழும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல பாடம் உண்டு. அடுத்த விடுமுறையில் துண்டை எடுத்துக்கொண்டு போகாமல், ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போகச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், பெரியவர் ஒருவரும் உடன் இருக்கட்டும். நிழல் எவ்வளவு, நீர் என்ன நிறம், தரையில் என்ன கிடக்கிறது, எந்த மீன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று எழுதட்டும். பின்னர் கரைமரம் வெட்டப்பட்ட இன்னோர் இடத்தையும் பார்த்து எழுதட்டும். வெயில் நேராக விழுந்து நீர் சூடேறியிருக்கும். மழைக்குக் கரைமண் கரைந்து அடியில் வண்டல் மூடியிருக்கும். களைக்கொல்லி தெளித்த வரிசைகளிலிருந்தும், ஆலைகளின் கழிவிலிருந்தும் வரும் நீர் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கழிவு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை அது தின்றுவிடுகிறது. அங்கே மீன் வகைகள் குறைந்திருப்பதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.

சிறு தொட்டியில் ஒரு பிடி தீனி அதிகமானால் நீர் கெடுவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, ஓடை ஏன் கெடுகிறது என்று யாரும் தனியாக விளக்கவேண்டியதில்லை. ஓடைக்கு வாரம் ஒருமுறை நீர் மாற்ற ஆள் கிடையாது என்பதையும் அந்தப் பிள்ளை தானே புரிந்துகொள்ளும். கரையோர மரங்களை விட்டுவைப்பதும், மருந்துக் குப்பிகளை ஓடையில் கழுவாமலிருப்பதும் நம் கையிலேயே இருக்கின்றன. தொட்டியைத் துடைத்து வைக்கும் கை, ஓடையிலும் குப்பை கொட்டாது.